கடைசியில் வாங்கும் பொருளுக்கு முதலில் பணம்: புது வீட்டு மின்வேலைக் கணக்கு

என் தங்கை தஞ்சாவூருக்கு வெளியே வீடு கட்டத் தொடங்கியபோது கான்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷன் பதினோரு பக்கம் இருந்தது. டைல்ஸுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். ஹாலுக்கு என்ன விலையில், குளியலறைச் சுவரில் எத்தனை அடி உயரம் வரை, படிக்கு எந்த கிரானைட் என்று எல்லாம் விவரமாக இருந்தது. மின்வேலைக்கு ஒரே வரி: ‘எலக்ட்ரிக்கல் – ஐ.எஸ்.ஐ. ஒயர், மாடுலர் ஸ்விட்ச், 45 பாயிண்ட்.’

கிரகப்பிரவேசம் முடிந்து மூன்றாவது வாரம், ஈரக்கையோடு வாஷிங் மெஷின் மூடியைத் தொட்ட அம்மாவுக்குச் சுரீரென்று இழுத்தது. ஒன்றும் ஆகவில்லை, பயந்துபோனார், அவ்வளவுதான். திறந்து பார்த்தால் பச்சை ஒயர் பிளக்கிலிருந்து மெயின் போர்டு வரை ஒழுங்காக வந்திருந்தது. அங்கிருந்து மண்ணுக்குள் போகவில்லை. எர்த் குழி தோண்ட வேண்டிய வாரத்தில் கையில் பணம் தீர்ந்திருக்கிறது. கேட் பெயின்ட், பந்தல், சமையல்காரருக்கு முன்பணம் என்று செலவு நெருக்கியதில், எர்த் ‘அப்புறம்’ என்று தள்ளிப் போயிருக்கிறது. தள்ளிப் போட்ட விஷயத்தை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் யார் வீடு கட்டினாலும் மின்வேலைக் கணக்கை வாங்கிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கோளாறைப் பார்க்கிறேன். மின்வேலையில் உயிரைக் காக்கும் சாமான்கள் எல்லாம் கடைசியில் வாங்கப்படுகின்றன. வீடு கட்டுகிறவர் கையில் பணம் இல்லாமல் போவதும் அந்தக் கடைசியில்தான். இந்த இரண்டும் ஒரே வாரத்தில் சந்தித்துக்கொள்வதைத் தடுக்கத்தான் பட்ஜெட் வேண்டும். விலை குறைப்பது அதற்கு அடுத்த வேலை.

முதலில், இந்தக் கணக்கை நம் ஊரில் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்கலாம். நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

சதவீதக் கணக்கு அரசு வழக்கம். மத்தியப் பொதுப்பணித் துறை முதல்நிலை மதிப்பீடு போடும்போது கட்டடச் செலவில் 12.5 சதவீதத்தை, அதாவது எட்டில் ஒரு பங்கை, உள் மின்வேலைக்கு ஒதுக்குகிறது. தனி வீடு கட்டுகிறவர்கள் ஏழு, எட்டு சதவீதம் என்று பேசிக்கொள்வார்கள். தொடக்கத்தில் ஒரு தொகையை மனத்தில் வைத்துக்கொள்ள இது உதவும், அதற்கு மேல் தாங்காது. தேக்குக் கதவு போட்டால் கட்டடச் செலவு ஏறுகிறது, அதற்காக ஒயர் ஒரு அடிகூடக் கூடுவதில்லை. அறுநூறு சதுர அடி வீட்டுக்கும் எர்த் ஒன்று வேண்டும், மீட்டர் போர்டு ஒன்று வேண்டும், மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரிக்கும் டி.பி. ஒன்று வேண்டும். ஆகவே சின்ன வீட்டில் மின்வேலையின் பங்கு எப்போதும் கூடுதலாகவே வரும். சதவீதத்தை நம்பிச் சின்ன வீடு கட்டுகிறவர்தான் கடைசியில் திணறுகிறார்.

சதுர அடிக் கணக்கும் அப்படித்தான். இருநூற்றைம்பது சதுர அடி ஹாலைவிட எண்பது சதுர அடி சமையலறை அதிக ஒயர் தின்னும். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், அவன், தண்ணீர் வடிகட்டி, இண்டக்ஷன் அடுப்பு, சிம்னி என்று ஏழெட்டுச் சாமான்கள் ஒரே மேடையைச் சுற்றி நிற்கின்றன. பரப்பளவை வைத்து இதை எப்படி அளப்பது?

பாயிண்ட் கணக்குதான் எலக்ட்ரீஷியன்கள் கூலி பேசும் முறை. நியாயமான முறை, ஆனால் பாயிண்ட் என்றால் என்ன என்று முதலில் எழுதிக்கொள்ளாவிட்டால் சண்டைக்கு வழி. ஃபேனும் அதன் ரெகுலேட்டரும் ஒன்றா, இரண்டா? மாடிப்படி விளக்குக்கு மேலே ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு ஸ்விட்ச் என்று டூ-வே போட்டால் அது எத்தனை? ஸ்விட்ச் போர்டிலேயே இருக்கும் ஐந்து ஆம்பியர் பிளக் தனிப் பாயிண்டா? கீசருக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக இழுக்கும் ஒயரை மீட்டர் கணக்கில் எடுப்பதா, பாயிண்டில் அடக்குவதா? இவற்றுக்குப் பதில் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். எந்தப் பதிலும் தவறில்லை, வேலை தொடங்குமுன் ஒரு தாளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தங்கையின் கொட்டேஷனில் இருந்த 45 பாயிண்ட், வேலை முடியும்போது 71 ஆகியிருந்தது. கான்ட்ராக்டர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். 45 என்ற எண்ணை அவர் வீட்டு வரைபடத்தைப் பார்க்காமலே எழுதியிருந்தார்; நாங்களும் எண்ணிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டோம்.

நான்காவது வழி அளவுக் கணக்கு. வரைபடத்தில் ஒவ்வொரு விளக்கையும் ஃபேனையும் பிளக்கையும் குறித்து, எந்த போர்டிலிருந்து எந்த வழியாக ஒயர் போகிறது என்று கோடு போட்டு, மீட்டர் கூட்டி, சுருள் எண்ணிக்கை எடுப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும். எலக்ட்ரீஷியனை அழைத்து அவர் நேரத்துக்குக் காசு கொடுத்து உட்காரவைத்தால் அரை நாளில் முடியும். நம்பத் தகுந்த கணக்கு இது ஒன்றுதான் என்பது என் முடிவு. இதைப் போட்டவர்களுக்கு மட்டுமே, ஒயர் விலை ஏறினால் தம் பட்ஜெட் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடிகிறது.

ஒயர் விலை என்பது பெரும்பாலும் தாமிர விலைதான். ஒரு சதுர மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி ஒரு மீட்டர் நீளம் இருந்தால், அதிலிருக்கும் தாமிரம் சரியாக ஒரு கன சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ ஒன்பது கிராம். கடையில் விற்கும் சுருள் 90 மீட்டர். ஆக 1.5 ஒயர் ஒரு சுருளில் சுமார் 1.2 கிலோ தாமிரம், 2.5 ஒயரில் 2 கிலோ, 4 ஒயரில் 3.2 கிலோ. தங்கை வீடு ஆயிரத்து இருநூறு சதுர அடி. அதில் 1.5 ஒயர் ஒன்பது சுருள், 2.5 ஆறு, 4 நான்கு போயின. கூட்டிப் பார்த்தால் முப்பத்தாறு கிலோ. பாட்டி காலத்து வீட்டில் இருந்த பித்தளை அண்டா, குடம், தவலை எல்லாம் சேர்த்தால் வரும் எடை, சுவருக்குள் நூலாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 மே மாதம் லண்டன் உலோகச் சந்தையில் தாமிரம் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது, ஆறு மாதம் முன்பு வாங்கிய கொட்டேஷன்கள் செல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். சிமென்ட், மணல் விலையை நாள்தோறும் விசாரிக்கிறவர்கள் தாமிர விலையை விசாரிப்பதில்லை. அஸ்திவாரம் போடும்போது எழுதிய ஒயர் விலை, பூச்சு முடிந்து ஒயர் இழுக்கும்போது இருக்காது. இடையில் எட்டு, பத்து மாதம் ஓடிவிடும். அதற்கென்று தனியாக ஒரு தொகை, என் வழக்கப்படி ஒயர்ச் செலவில் பத்தில் ஒரு பங்கு, ஒதுக்கி வைப்பது நல்லது.

தாமிர எடைக் கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். அதே 1.5 என்று அச்சடித்த சுருள் வேறொரு கடையில் பாதி விலைக்குக் கிடைத்தால், தாமிரத்தின் விலை அங்கே மட்டும் குறைந்திருக்க வழியில்லை. கம்பி மெலிந்திருக்கும், அல்லது நீளம் குறைந்திருக்கும், அல்லது கலப்படம். ஒயரின் மேல் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் உரிம எண்ணும் மீட்டருக்கு மீட்டர் அச்சாகியிருக்க வேண்டும். பில்லோடு வாங்குங்கள். எலக்ட்ரீஷியன் கை காட்டும் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கடைக்காரர் அவருக்குக் கொடுக்கும் கமிஷன் நம் பில்லில்தான் இருக்கிறது. அந்தக் காசை அவருக்கே கூலியாக நேராகக் கொடுத்துவிட்டு, ஒயரை நாமே வாங்கினால் இரண்டு பேருக்கும் கௌரவம்.

எந்த இடத்துக்கு எந்தக் கனம்? விளக்கு, ஃபேனுக்கு 1 அல்லது 1.5, பதினாறு ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., கீசருக்கு 4 என்பது நம் எலக்ட்ரீஷியன்களின் வாய்ப்பாடு. கணக்குப் போட்டால் இரண்டு கிலோவாட் கீசர் எடுக்கும் மின்னோட்டம் ஒன்பது ஆம்பியருக்கும் குறைவு, 2.5 ஒயரே தாராளமாகத் தாங்கும். அப்படியானால் 4 வீண் செலவா என்று பலர் கேட்கிறார்கள். நான் வீண் என்று சொல்லமாட்டேன். கம்பெனிகள் சொல்லும் தாங்குதிறன் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டைமாடி கான்கிரீட்டுக்குள், ஒரே பைப்பில் நாலைந்து ஒயர் நெருக்கிக்கொண்டு கிடக்கும்போது அந்தத் திறன் குறைகிறது. தூரமும் ஒரு காரணம். மெயின் போர்டிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் போகும் ஏ.சி. லைனுக்கும், மேல்தளக் கான்கிரீட் வழியாகப் போகும் லைனுக்கும் 4 போடலாம். போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் கீசருக்கு 2.5 போதும், அந்த ஒயரின் தாங்குதிறனுக்கு மேல் போகாத எம்.சி.பி., அதாவது மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச், போட்டிருந்தால். இப்படிப் பார்த்துப் பார்த்துக் குறைப்பதுதான் சிக்கனம். எல்லா இடத்திலும் ஒரு படி குறைத்துப் போடுவது சிக்கனம் ஆகாது.

ஒயரைக்கூடப் பத்து ஆண்டு கழித்து உருவிவிட்டு மாற்றலாம். பைப்பை மாற்ற முடியாது. மேல்தளத்தில் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்தினம் மாலைதான் எலக்ட்ரீஷியன் வந்து பைப் போடுவார். அன்றைக்கு எங்களுக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அண்ணே, நாளைக்கு கான்கிரீட். ஃபேன் எங்கன்னு இப்பச் சொல்லுங்க, ஏ.சி. எங்கன்னு இப்பச் சொல்லுங்க. நாளான்னைக்குச் சொன்னா டிரில்லு வச்சுத்தான் பேசணும்.” தங்கையும் மாப்பிள்ளையும் கையில் டார்ச்சோடு கம்பிகளுக்கு மேல் நின்றுகொண்டு, கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே அறையே இல்லை, சென்ட்ரிங் முட்டுகள் மட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் எடுத்த முடிவுகளில் மூன்று தவறாகிப்போயின. படுக்கையறை ஃபேன் கட்டிலுக்கு நேராக இல்லை. பரண் கதவு திறந்தால் இடிக்கும் இடத்தில் விளக்கு. இன்வெர்ட்டருக்கு பைப்பே இல்லை. மூன்றையும் சரிசெய்ய பூச்சை உடைத்து, காடி வெட்டி, மறுபடி பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து ஆன செலவு, அந்த அறைகளின் மொத்த ஒயர்ச் செலவைத் தாண்டிவிட்டது. வரைபடத்தில் கட்டிலையும் பீரோவையும் பென்சிலால் வரைந்திருந்தால் செலவே இல்லை. மின்வேலைப் பட்ஜெட்டில் உண்மையான மிச்சம் இந்தப் பென்சில் கோட்டில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பைப்பில் கஞ்சம் கூடாது. முக்கால் இன்ச்சுக்குப் பதில் தேவையான இடத்தில் ஒரு இன்ச், கான்கிரீட்டுக்குள் போவதற்கு மெலிந்த ரகம் வேண்டாம், கனமான ரகம் வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து, சட்டி வைத்து, வைப்ரேட்டர் விட்டு நசுங்கிய ஒரு பைப்புக்காக ஒரு அறையே இருட்டில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதோடு காலிப் பைப்புகள் சில: மாடியிலிருந்து மீட்டர் பலகை வரை ஒன்று, மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டர் வைக்கும் இடத்திலிருந்து மெயின் போர்டுக்கு ஒன்று, வாசல் கேட்டுக்கு ஒன்று. உள்ளே ஒரு ஸ்பிரிங் ஒயரை மட்டும் விட்டு மூடி வைத்தால் போதும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் சூரிய மின் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. இன்றைக்குத் தகடு வாங்கப் பணம் இல்லாதவருக்கும் அந்தக் காலிப் பைப் போடப் பணம் இருக்கும்.

அடுத்தது லோடு. தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரை ஒருமுனை இணைப்பு, அதற்கு மேல் மும்முனை. ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு, கீசர் ஒன்று, இண்டக்ஷன் அடுப்பு ஒன்று, ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒன்று என்று கூட்டினாலே எட்டு கிலோவாட்டை நெருங்கிவிடும். மும்முனை என்றால் இ.பி.க்குக் கட்டும் கட்டணம் மட்டும் கூடுவதில்லை. சர்வீஸ் கேபிள் கனம், டி.பி. அளவு, மெயின் ஸ்விட்ச், ஷாக்கிலிருந்து காக்கும் ஆர்.சி.சி.பி. எல்லாமே பெரிதாகும். இது தெரியாமல் ஒருமுனைக்கு டி.பி. வாங்கிச் சுவரில் பதித்துவிட்டு, பிறகு பெயர்த்தெடுத்த வீடுகள் உண்டு. வேலை நடக்கும்போது வாங்கும் டெம்ப்ரவரி சர்வீஸுக்குத் தனி விகிதம், வீட்டு விகிதத்தைவிட மிக அதிகம். கியூரிங் தண்ணீருக்கு மோட்டார், டைல்ஸ் வெட்டும் மெஷின், வெல்டிங் எல்லாம் அந்த மீட்டரில்தான் ஓடும். இந்த பில்லை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. வீடு முடிந்தவுடன் வீட்டு விகிதத்துக்கு மாற்ற விண்ணப்பிக்காமல் குடியேறினால், சமையலறை விளக்குக்கும் கட்டுமான விகிதம்தான். இணைப்புக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட சோதனை அறிக்கை வேண்டும். அதையும் கூலி பேசும்போதே பேசிவிட வேண்டும்.

இனி, கட்டுரையின் தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

எம்.சி.பி. போட்டிருக்கிறோம், ஷாக் அடித்தால் அது விழுந்துவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். எம்.சி.பி. காப்பது ஒயரை. பதினாறு ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். மனித உடம்பு வழியாக 0.03 ஆம்பியர், அதாவது 30 மில்லி ஆம்பியர், கொஞ்ச நேரம் ஓடினாலே ஆபத்து. இரண்டுக்கும் இடையே ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒருவர் உயிர் போகும் அளவு மின்சாரம் எம்.சி.பி.க்குக் கண்ணிலேயே படாது. ஆர்.சி.சி.பி. வேறு வகைக் கருவி. போகும் ஒயரில் எவ்வளவு போகிறது, திரும்பும் நியூட்ரலில் எவ்வளவு வருகிறது என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ வேறு வழியாக மண்ணுக்குப் போகிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த வேறு வழி ஒரு குழந்தையின் கையாக இருக்கலாம். இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. இந்தக் கருவியின் விலை, ஹாலில் மாட்டும் ஒரு அலங்கார விளக்கின் விலைதான்.

ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. ஆர்.சி.சி.பி. வழியாகப் போகும் லைனின் நியூட்ரலும் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் ஏதோ ஒரு ஸ்விட்ச் பெட்டிக்குள் சேர்த்து முறுக்கப்பட்டிருந்தால், கருவி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். இரண்டு முறை விழும், மூன்றாவது முறை வீட்டுக்காரர் சலித்துப்போவார், எலக்ட்ரீஷியன் அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிட்டுப் போவார். பெட்டிக்குள் கருவி இருக்கும், காவல் இருக்காது. எத்தனையோ வீடுகளில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒயர் இழுக்கும் நாளிலேயே ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல், இன்வெர்ட்டருக்குத் தனி என்று சொல்லிவிட வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்ற நிற ஒழுங்கையும் மீறக் கூடாது. மிச்சமிருக்கிறதே என்று பச்சைச் சுருளை ஃபேஸுக்கு இழுத்துவிட்டால், அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் அதை எர்த் என்று நம்பிக் கை வைப்பார். முடிந்தால் குளியலறை, சமையலறை, மோட்டாருக்கு ஒரு ஆர்.சி.சி.பி., மற்ற அறைகளுக்கு இன்னொன்று. ஒன்றே ஒன்று போட்டால், மழையில் நனைந்த வெளிவிளக்கு ஒன்றுக்காக வீடே இருண்டுவிடும்.

எர்த் என்பது ஒரு குழி, இரண்டரை மீட்டர் இரும்புக் குழாய், கரி, உப்பு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய். ஐ.எஸ். 3043 இதற்கான நெறிமுறை. தஞ்சாவூர்க் களிமண்ணில் ஈரம் நிற்பதால் ஒரே குழியில் வேலை முடியும். புதுக்கோட்டைப் பக்கம் செம்புரான் பாறையில் இரண்டு குழிகூடப் போதாமல் போகலாம். அதனால் எர்த்துக்கு இவ்வளவு என்று பொதுவாக விலை சொல்ல முடியாது. முடிந்ததும் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, ஐந்து ஓமுக்குள் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். அம்மாவுக்கு இழுத்த அந்த வாஷிங் மெஷினில் ஒரு பழுதும் இல்லை. உள்ளே இருக்கும் ஃபில்டரிலிருந்து சிறிதளவு கசிவது இயல்பு. அது எர்த் வழியாக ஓசையில்லாமல் மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். போக வழியில்லாததால் மெஷினின் தகரத்தில் தங்கியிருந்து, அம்மாவின் கை வழியாக ஈரத் தரைக்கு இறங்கியது.

குழி, ஆர்.சி.சி.பி. இரண்டு, டி.பி., எர்த் சோதனை: இந்த நான்குக்கான தொகையை அஸ்திவாரம் தோண்டும் மாதமே எடுத்து, வேறொரு வங்கிக் கணக்கில் போட்டுவிடச் சொல்கிறேன். அல்லது சாமான்களையே வாங்கிப் பரணில் வைத்துவிடலாம். இவை கெட்டுப்போகும் பொருள் அல்ல. எர்த் குழியைக் காம்பவுண்ட் சுவர் வேலைக்குக் குழி தோண்டும் ஆட்கள் இருக்கும்போதே தோண்டிவிடலாம்; கூலியும் மிச்சம்.

விளக்கு பற்றிச் சொல்லவும் நிறைய இருக்கிறது, ஆனால் செலவில் அது பயப்பட வேண்டிய பகுதி அல்ல. 2014-இல் அரசு நிறுவனம் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த எல்.இ.டி. பல்பு, உஜாலா திட்டத்தில் மொத்தமாக வாங்கத் தொடங்கியபின் 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. வெளிச்சம் இன்று மலிவு. விலை ஏறுவது அதற்குப் போடும் சட்டையில். பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறைக்கு இருபது வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று போதும். அதே அறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, எட்டு டவுன் லைட், சுற்றிலும் ஸ்ட்ரிப் லைட், அதற்கு டிரைவர் என்று போனால், விளக்குச் செலவைவிட சீலிங்கும் ஒயரும் கூலியும் பல மடங்கு ஆகும். இரண்டு ஆண்டில் ஒரு டவுன் லைட் போனால், அதே வட்ட அளவில் இன்னொன்று கிடைக்காமல் கூரையில் ஓட்டையோடு நிற்க வேண்டியிருக்கும். போட ஆசைப்பட்டால் கூடவே நாலைந்து உபரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீலிங்கைப் பிறகு செய்துகொள்ளலாம், அதற்கான பைப்பும் பெட்டியும் மேல்தளத்தில் இருந்தால்.

நான் வாதாடுவது வேறு விளக்குக்காக. சமையலறையின் நடுவில் ஒரு விளக்கை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். மேடையைப் பார்த்து நிற்கும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அந்த விளக்கு இருக்கிறது. அவர் நிழல் அரிவாள்மணை மேல் விழுகிறது, வெண்டைக்காயையும் விரலையும் அந்த நிழலில் வைத்துத்தான் நறுக்குகிறார். மேல் அலமாரிக்கு அடியில், மேடையின் முன்விளிம்பை ஒட்டி, ஒரு மெல்லிய பட்டை விளக்கு போட்டால் அந்த நிழல் போய்விடும். செலவு சில நூறு ரூபாய். பூச்சுக்கு முன்னால் சொன்னால் மட்டும். அதேபோல் மாடிப்படியின் முதல் படியிலும் கடைசிப் படியிலும் வெளிச்சம், கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்டும் டூ-வே ஸ்விட்ச், கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில் தரையை ஒட்டிய ஒரு வாட் விளக்கு. வயதாக ஆகக் கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். வீடு கட்டி முடிக்கும் நமக்கே அதற்குள் வயது ஐம்பதை நெருங்கியிருக்கும்.

மாதாமாதம் செலவாகப் போவது விளக்கு அல்ல, ஃபேன். சாதாரண ஃபேன் 75 வாட். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 67 யூனிட்டுக்கு மேல். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்; அதே ஓட்டத்துக்கு 27 யூனிட். நான்கு ஃபேனில் 160 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் குறைகிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தீர்மானிப்பது பல வீடுகளில் ஃபேன்கள்தான். அலங்கார விளக்குக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தை ஃபேனுக்கு மாற்றினால் மூன்று நான்கு கோடையில் திரும்பி வந்துவிடும். ஸ்விட்ச் பிராண்டு பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நடுத்தர ரகம் எதுவும் போதும். பத்து ஆண்டு கழித்து ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு அரை நாளில் மாற்றக்கூடியது அது.

ஆக நான் எழுதித் தரும் தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம், எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் டி.பி.யும், பணம் இன்றே எடுத்துவைக்கப்படும், யாரும் தொடக் கூடாது. இரண்டாவது, சுவருக்குள் போகும் பைப்பும் பெட்டியும் ஒயரும். தாமிர விலைக்கான உபரியோடு. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் ஸ்விட்ச், விளக்கு, ஃபேன். பணம் குறைந்தால் இங்கே மட்டுமே குறைக்கலாம். கிரகப்பிரவேசத்தன்று இரண்டு அறையில் வெறும் ஹோல்டரில் ஒன்பது வாட் பல்பு எரிந்தால் எந்த விருந்தாளியும் சாப்பிடாமல் போகமாட்டார்.

தங்கை இப்போது மாடி எடுக்கிறாள். போன மாதம் அதற்குக் கான்கிரீட் போட்டார்கள். அதற்கு முன்தினம் மாலை அவள் வாட்ஸ்அப்பில் நாற்பது படங்கள் அனுப்பினாள். ஒவ்வொரு படத்திலும் கம்பிகளுக்கு இடையே ஓடும் பைப், பக்கத்தில் சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரிய விரித்துவைத்த அளவு டேப், அதன் நுனியை அழுத்திப் பிடித்திருக்கும் மாப்பிள்ளையின் கட்டை விரல். கடைசிப் படம் கான்கிரீட் தளத்தில் எடுத்தது அல்ல. கொல்லையில் எர்த் குழி, அதன் வாயில் அம்மா குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.